ஐரோப்பாவின் கல்வி, தொழிற்பயிற்சி, மொழிக் கொள்கையில் அண்மையில் என்ன மாறியிருக்கிறது? அங்கே போக நினைக்கும் குடும்பம் எதைக் கவனிக்க வேண்டும்?

நான் ஜெர்மனியின் ரூர் பகுதியில் வசிக்கிறேன். தொழிற்பயிற்சிக்கு வரும் வெளிநாட்டு இளைஞர்களுக்குப் பணியிடத்தில் வழிகாட்டுவது என் வேலையின் ஒரு பகுதி. மகள் இங்கே அரசுப் பள்ளியில் படிக்கிறாள். இந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன். கேள்வி பெரியது, எல்லாவற்றையும் தொட முடியாது. எது உங்கள் வாழ்க்கையை உண்மையில் மாற்றுமோ அதில் அதிக நேரம் நிற்கிறேன்.

பிரஸ்ஸல்ஸில் ஒரு அறிவிப்பு வந்ததும் ஐரோப்பா முழுக்கப் பள்ளிகள் மாறிவிடும் என்று செய்திகளைப் படிப்பவர்களுக்குத் தோன்றும். அப்படி நடக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயல்பாட்டு ஒப்பந்தத்தில் 165ஆம் பிரிவு கல்வியைப் பற்றியது, 166ஆம் பிரிவு தொழிற்பயிற்சியைப் பற்றியது. பாடத்தில் என்ன இருக்க வேண்டும், பள்ளியை எப்படி நடத்த வேண்டும் என்பதெல்லாம் அந்தந்த நாட்டின் பொறுப்பு என்று இரண்டுமே சொல்கின்றன. ஒன்றியம் பரிந்துரைக்கலாம், பணம் கொடுக்கலாம், நாடுகளை ஒரே மேசையில் உட்காரவைக்கலாம். சட்டம் போட்டுப் பள்ளியை மாற்ற முடியாது. ஜெர்மனியில் அந்த அதிகாரம் இன்னும் கீழே இறங்கி 16 மாநிலங்களின் கையில் இருக்கிறது. அதனால் எந்த அறிவிப்பைப் பார்த்தாலும் பணம் யாருடையது, அதிகாரம் யாருடையது என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை நல்ல செய்திதான். வேறு நாட்டில் போய்ப் படிக்கவும் பயிற்சி பெறவும் உதவும் எராஸ்மஸ் திட்டம் 1987இல் தொடங்கியது. அதற்கு 2021 முதல் 2027 வரை சுமார் 2,600 கோடி யூரோ ஒதுக்கியிருக்கிறார்கள். அடுத்த சுற்றுக்கு, அதாவது 2028 முதல் 2034 வரைக்கு, சுமார் 4,000 கோடி யூரோ வேண்டும் என்று ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2025 ஜூலையில் முன்மொழிந்தது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு வெளியேறிய பிரிட்டன் 2027இல் மீண்டும் சேர முடிவு செய்திருக்கிறது. பலர் இதைக் கல்லூரி மாணவர்களுக்கான திட்டம் என்று மட்டும் நினைக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள், ஆசிரியர்கள், தொழிற்பயிற்சியில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இதில் இடம் உண்டு. இந்தியாவிலிருந்து நேரடியாக விண்ணப்பிக்கக்கூடியது எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுநிலைப் படிப்பு. உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ வரும், கல்விக் கட்டணமும் கிடையாது. தகுதியுள்ள பிள்ளைகள் இதைப் பற்றித் தெரியாமலே வங்கிக் கடன் வாங்கி வருவதைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. தயவுசெய்து முதலில் இதைத் தேடிப் பாருங்கள்.

2025 மார்ச்சில் ஆணையம் ‘திறன்களின் ஒன்றியம்’ என்ற பெயரில் ஒரு பெரிய திட்டத்தை வெளியிட்டது. அதன் பின்னணி கவலை தருவது. பல நாடுகளின் மாணவர்களை ஒப்பிடும் பிசா என்ற சர்வதேசத் தேர்வில், 2022இல், ஒன்றியத்தின் 15 வயதுப் பிள்ளைகளில் பத்தில் மூன்று பேர் கணிதத்தில் அடிப்படை நிலையைக்கூடத் தொடவில்லை. வாசிப்பில் நான்கில் ஒருவர். இந்த அளவை 2030க்குள் 15 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது இலக்கு. இன்னொரு பக்கம் மக்கள்தொகை மூப்படைகிறது, மருத்துவமனையிலும் பட்டறையிலும் ஆள் இல்லை. ஜெர்மனி 2023இல் குடியேற்றச் சட்டத்தைத் தளர்த்தியதற்கும், 2024 அக்டோபரில் இந்தியத் திறன் பணியாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000இலிருந்து 90,000 ஆக உயர்த்துவதாகச் சொன்னதற்கும் இதுதான் காரணம்.

சரி, மொழிக்கு வருவோம். கொள்கையும் நடைமுறையும் அதிகம் விலகி நிற்பது இங்கேதான்.

2002இல் பார்சிலோனாவில் கூடிய ஐரோப்பியத் தலைவர்கள், ஒவ்வொரு பிள்ளையும் தாய்மொழியோடு இன்னும் இரண்டு மொழிகளைச் சிறு வயதிலிருந்தே கற்க வேண்டும் என்றார்கள். 2019 மே மாதம் கல்வி அமைச்சர்கள் அதையே விரிவாக்கி ஒரு பரிந்துரை நிறைவேற்றினார்கள். ஒன்றியத்துக்கு 24 அலுவல் மொழிகள். ஐரிஷ் 2007இல் சேர்ந்தாலும், மொழிபெயர்ப்பாளர்கள் போதாமல், 2022 ஜனவரி 1 முதல்தான் முழு நிலையை அடைந்தது. கட்டலான், பாஸ்க், கலீசிய மொழிகளையும் சேர்க்கும்படி ஸ்பெயின் 2023 ஆகஸ்டில் கேட்டது. செலவைத் தானே ஏற்பதாகவும் சொன்னது. எல்லா நாடுகளும் ஒரே குரலில் சம்மதிக்க வேண்டும் என்பதால் 2025இலும் அது தள்ளித்தான் போனது.

காகிதத்தில் இப்படிப் பன்மொழி. நாடுகளுக்குள்ளே போய்ப் பார்த்தால் பள்ளிகள் நாட்டுமொழியை நோக்கி இறுகிவருகின்றன.

எஸ்தோனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். சோவியத் காலத்திலிருந்து அங்கே ரஷ்ய மொழிவழிப் பள்ளிகள் தனியாக இருந்தன. ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த 2022ஆம் ஆண்டின் டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2024 செப்டம்பரில் மழலையர் பள்ளியிலும் 1, 4ஆம் வகுப்புகளிலும் எஸ்தோனிய வழிக் கல்வி தொடங்கியது. ஆண்டுக்கு ஆண்டு மற்ற வகுப்புகளுக்கும் போய், 2030 வாக்கில் அடிப்படைப் பள்ளி முழுக்க மாறிவிடும். லாட்வியா இன்னும் வேகம்: 2023, 2024, 2025 என்று மூன்றே ஆண்டில் ஒன்பது வகுப்புகளையும் லாட்விய வழிக்கு மாற்றிவிட்டது. லாட்வியாவின் 2018ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தை எதிர்த்துப் பெற்றோர்கள் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். உரிமை மீறல் இல்லை என்று 2023இல் தீர்ப்பு வந்தது.

தமிழ் வாசகர்களுக்கு இதைப் படித்ததும் கோபம் வரலாம், சிறுபான்மையின் மொழியைப் பள்ளியிலிருந்து நீக்குகிறார்களே என்று. எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. ஆனால் எஸ்தோனிய மொழியைப் பேசுபவர்கள் உலகத்திலேயே பதினோரு லட்சம் பேர்தான். பக்கத்திலேயே ரஷ்ய மொழியின் பெரும்பரப்பு. அரை நூற்றாண்டு தங்கள் மொழி சொந்த மண்ணிலேயே இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டதை நேரில் கண்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். இந்தச் சட்டத்தின் நோக்கம் நியாயமானது என்றே நினைக்கிறேன். தனிப் பள்ளியில் படித்துவிட்டு நாட்டுமொழி தெரியாமல் வெளியே வரும் பிள்ளைக்குப் பல்கலைக்கழகமும் நல்ல வேலையும் எட்டாமல் போகின்றன. என் கவலை நோக்கத்தைப் பற்றியது அல்ல, ஆசிரியரைப் பற்றியது. எஸ்தோனியாவின் ரஷ்ய எல்லையிலுள்ள நார்வா நகரில் ஏறக்குறைய எல்லோருமே ரஷ்யமொழி பேசுகிறவர்கள். அங்கே சி1 நிலை (ஐரோப்பிய மொழி அளவுகோலின் ஆறு நிலைகளில் ஐந்தாவது) எஸ்தோனியத்தில் கணிதமோ இயற்பியலோ நடத்தக்கூடிய ஆசிரியருக்கு எங்கே போவது? அந்த மாவட்டத்துக்குப் போக முன்வரும் ஆசிரியருக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் என்று அரசு அறிவித்தும் பற்றாக்குறை தீரவில்லை. மொழியை மாற்றும் சட்டத்தை ஒரு குளிர்காலத்தில் எழுதிவிடலாம். ஆசிரியரை உருவாக்கப் பத்து ஆண்டுகளாவது வேண்டும். இடையில் மாட்டிக்கொள்வது நான்காம் வகுப்புப் பிள்ளைதான்.

நெதர்லாந்தில் சிக்கல் வேறு மாதிரி. ஆங்கில வழிப் பட்டப்படிப்புகள் பெருகி, வீட்டு வாடகையும் வகுப்பறை நெரிசலும் ஏறியதால், இளநிலைப் படிப்பில் டச்சு மொழியை மீண்டும் முன்னுக்குக் கொண்டுவர ஒரு மசோதா 2024இல் வந்தது. ஏற்கெனவே நடக்கும் படிப்புகளைச் சோதிக்கும் பகுதியை 2025இல் கைவிட்டார்கள். ஆனாலும் ஆங்கில வழி இடங்களைக் குறைக்கப் பல்கலைக்கழகங்களே முன்வந்திருக்கின்றன. இளநிலைப் படிப்பை அங்கே திட்டமிடுகிறவர்கள் குறிப்பிட்ட படிப்பின் மொழி என்ன என்று ஒவ்வொரு ஆண்டும் புதிதாகப் பாருங்கள்.

ஜெர்மனியில் 2024 ஆகஸ்டில் தொடங்கிய ‘ஸ்டார்ட்சான்சன்’ திட்டம் பின்தங்கிய பகுதிகளிலுள்ள சுமார் 4,000 பள்ளிகளுக்கு 10 ஆண்டுகளில் 2,000 கோடி யூரோ தருகிறது. மத்திய அரசு பாதி, மாநிலங்கள் பாதி. பவேரியா, பள்ளியில் சேர்வதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே பிள்ளையின் ஜெர்மன் மொழியைச் சோதிப்பதைச் சட்டமாக்கிவிட்டது. போதாது என்றால் முன்பயிற்சி வகுப்பு கட்டாயம். பிள்ளை நாலரை வயதில் சோதிக்கப்படுவது கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் ஆறு வயதில் ஒன்றும் புரியாமல் வகுப்பில் உட்காருவதைவிட இது மேல். குடும்பத்தோடு வருகிறவர்கள் பிள்ளையைக் கூடிய சீக்கிரம் கிட்டாவில், அதாவது இங்குள்ள மழலையர் பள்ளியில், சேர்த்துவிடுங்கள். வீட்டில் தமிழே பேசுங்கள். ஜெர்மன் வெளியே கிடைக்கும்.

தொழிற்பயிற்சி பற்றி நிறையப் பேர் எனக்குத் தனியாக எழுதுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அவுஸ்பில்டுங் என்பது வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்தில் வேலை, ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளியில் பாடம். இரண்டிலிருந்து மூன்றரை ஆண்டு நீளும். சம்பளம் உண்டு. 2025இல் பயிற்சி தொடங்கியவருக்குச் சட்டப்படி முதலாம் ஆண்டுக் குறைந்தபட்சம் மாதம் 682 யூரோ. அரசு மருத்துவமனைகளில் செவிலியர் பயிற்சிக்கு இது 1,300 யூரோவைத் தாண்டும். விசாவுக்குப் பொதுவாக பி1 நிலை, அதாவது அதே அளவுகோலின் மூன்றாவது நிலை, ஜெர்மன் கேட்கிறார்கள்.

அந்த பி1 தான் பெரிய பொறி. கடையில் பேச, டாக்டரிடம் நேரம் வாங்க அது போதும். தொழிற்பள்ளியில் மின்சுற்றுப் பாதுகாப்பு விதிகளை வாத்தியார் வேகமாகச் சொல்லும்போது போதாது. கையில் அருமையான வேலைத்திறன் உள்ள இளைஞர்கள் எழுத்துத் தேர்வில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் திறமைக் குறைவு எதுவும் இல்லை. கேள்வித்தாளில் ஒரு நீளமான வாக்கியம் புரியவில்லை, அவ்வளவுதான். இறுதித் தேர்வும் ஜெர்மனிலேயே நடக்கும். அவசர வகுப்பில் சான்றிதழ் வாங்கி அனுப்பிவைக்கிற ஏஜென்சிக்கு அந்தத் தேர்வு நாளில் எந்தப் பொறுப்பும் இல்லை. ஆறு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, அடுத்த நிலையான பி2 முடித்துவிட்டு வாருங்கள். நேர்காணலிலேயே கேளுங்கள்: பயிற்சிக்காலத்தில் மொழி வகுப்பு உண்டா, வேலை நேரத்திலா மாலையிலா, செலவு யாருடையது? நல்ல நிறுவனம் இதைக் கேட்டதற்காக முகம் சுளிக்காது. ஏற்கெனவே பட்டம் பெற்ற செவிலியர்களுக்குக் கேரள அரசின் நோர்க்கா அமைப்பும் ஜெர்மனியின் மத்திய வேலைவாய்ப்பு முகமையும் 2021 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டு நடத்தும் ‘டிரிபிள் வின்’ திட்டத்தில் விண்ணப்பதாரரிடம் கட்டணம் வாங்குவதில்லை. லட்சக்கணக்கில் கேட்கிறவரிடம் பணம் கொடுப்பதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக, பிள்ளைகளின் தமிழ். ஐரோப்பா இதில் ஒரு பழைய அநீதியைச் சரிசெய்யாமலே வைத்திருக்கிறது. குடிபெயர்ந்த தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அவர்களின் தாய்மொழியையும் பண்பாட்டையும் கற்பிப்பதை நாடுகள் ஊக்குவிக்க வேண்டும் என்று 1977 ஜூலையில் ஒரு வழிகாட்டுச் சட்டம் வந்தது. அது ஒன்றியத்தின் வேறொரு உறுப்பு நாட்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்குத்தான். இத்தாலியப் பிள்ளை உள்ளே, துருக்கிப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் வெளியே. டென்மார்க் 2002இல் இந்த வேறுபாட்டை அப்படியே நடைமுறையாக்கியது. அதுவரை எல்லா மொழிப் பிள்ளைகளுக்கும் நகராட்சிகள் தாய்மொழி வகுப்பு தர வேண்டியிருந்தது. அதன் பிறகு ஐரோப்பிய ஒன்றிய, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகளின் மொழிகளுக்கும் பரோயே, கிரீன்லாந்து மொழிகளுக்கும் மட்டுமே அந்தக் கடமை. அங்கே ஈழத்தமிழ்க் குடும்பங்கள் வார இறுதியில் தாங்களே பள்ளி நடத்தித் தமிழைக் காப்பாற்றுகின்றன. நான் மதிக்கும் உழைப்பு அது. ஆனால் வரி கட்டுகிற பெற்றோர் அதைத் தங்கள் தோளிலேயே சுமக்க வேண்டியதில்லை.

ஏன் என்றால் வேறு விதமாகவும் செய்ய முடியும். சுவீடனில் 1977 முதலே வீட்டில் பேசும் எந்த மொழிக்கும் வகுப்பு கேட்கலாம். ஐந்து பிள்ளைகளும் தகுந்த ஆசிரியரும் கிடைத்தால் நகராட்சி நடத்தியாக வேண்டும். நான் இருக்கும் வடக்கு ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் சுமார் முப்பது மொழிகளில் இப்படிப் படிக்கிறார்கள். ஆசிரியருக்குச் சம்பளம் தருவது மாநில அரசு. அந்தப் பட்டியலில் தமிழும் உண்டு. இடைநிலை முடிவில் ஒரு மொழித் தேர்வு எழுதலாம். அதில் வாங்கும் மதிப்பெண் சான்றிதழில் ஏறும், பள்ளியில் படிக்கும் ஓர் அயல்மொழியில் குறைந்த மதிப்பெண்ணை ஈடுகட்டவும் உதவும்.

இங்கே வருகிற குடும்பங்களுக்குப் பள்ளி இதைத் தானாகச் சொல்லும் என்று காத்திருக்காதீர்கள். சேர்க்கையின்போதே ஹெர்குன்ஃப்ட்ஸ்ஷ்ப்ராஹ்லிஹர் உன்டர்ரிஹ்ட், அதாவது பூர்விக மொழி வகுப்பு, என்று பெயர் சொல்லிப் படிவம் கேளுங்கள். தொடக்கப் பள்ளியில் 15 பிள்ளைகள், அடுத்த நிலையில் 18 பிள்ளைகள் இருந்தால் ஒரு குழு அமைக்கலாம். எல்லோரும் ஒரே பள்ளியில் இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்துப் பள்ளிகளின் தமிழ்ப் பெற்றோர் சேர்ந்து கல்வி அலுவலகத்தில் மனு கொடுத்தாலும் செல்லும். உங்கள் ஊரில் ஆள் குறைவாக இருந்தால் அடுத்த ஊர்ப் பெற்றோரையும் இப்போதே விசாரித்து வையுங்கள்.