சிக்னலில் நின்றால் மட்டும் வரும் தீய்ந்த வாடை

‘அரை மணி நேரம் ஓட்டியபின் சிக்னலில் நின்றால் காருக்குள் தீய்ந்த வாடை அடிக்கிறது, ஓடும்போது தெரிவதில்லை, எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. தொடர்ந்து ஓட்டலாமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

நின்றால் மட்டும் வருகிறது என்று கவனித்துச் சொன்னீர்களே, அதில் பாதி விடை இருக்கிறது. எஞ்சினின் மேல்மூடிக்கு அடியில் உள்ள கேஸ்கெட் (ஆயில் கசியாமல் அடைக்கும் பட்டை) நாளடைவில் இறுகி வெடிப்பு விடும்போது, கசியும் ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (எஞ்சினின் புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதியில்) சொட்டிக் கருகுகிறது; வண்டி ஓடும்வரை எதிர்காற்று அதை அடித்துச் சென்றுவிடும், நின்றதும் முன்கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுத்துளை வழியாக உள்ளே வரும். எஞ்சின் ஆறிய பிறகு போனட்டைத் திறந்து, மேல்மூடியின் விளிம்பில் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே புழுதி அப்பிய கரிய பிசுக்கு தென்பட்டால் கசிவு அங்கேதான். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் இரண்டு குறிகளுக்கு நடுவே இருந்து, புகையும் இல்லையென்றால் பக்கத்துப் பணிமனை வரை மெதுவாக ஓட்டிச் செல்லலாம். ஆனால் வாரக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். சூடான உலோகத்தில் விழும் ஆயில் தீப்பிடிக்கக்கூடியது.

மேல்மூடி சுத்தமாக இருந்தால் பிரேக்கைச் சந்தேகிக்க வேண்டும். வண்டியை நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும், தொடாமல், புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக வீசினால் அதன் காலிப்பர் (பிரேக் பேடுகளை அழுத்தும் பிடி) இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பின்சக்கரமென்றால் ஹேண்ட் பிரேக் முழுதாக விடுபடாமலும் இருக்கலாம். சூடான பிரேக் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், அது கோணிவிடும் அல்லது விரிசல் விடும்.

காகிதம் கருகுவதுபோல் இருந்தால் கிளட்ச். கிளட்ச் மிதியைப் பாதி அழுத்தியபடி அரைக் கிளட்சிலேயே வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கத்தை விடுங்கள். இனிப்பான வாடையென்றால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் கசிகிறது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

வயர் உருகும்போது வரும் பிளாஸ்டிக் எரியும் வாடைக்கு மட்டும் யோசிக்க நேரம் கொடுக்காதீர்கள். உடனே ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, எல்லாரும் இறங்கித் தள்ளி நில்லுங்கள். போனட்டிலிருந்து புகை வந்தால் அதைத் திறக்க வேண்டாம், உள்ளே புகும் காற்று தீயை மூட்டிவிடும். 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று 20 ஆம்பியர் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் ஃபியூஸுக்கு முன்னால் வயர்தான் உருகும்.

பணிமனையில் வண்டியை ஆறவிட்டுக் காட்டினால் வாடை வராது. சூட்டோடு கொண்டுபோய், எஞ்சின் ஓடும்போதே மெக்கானிக்கை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.