ஏஆர்-15: கடையில் வாங்குவதா, நாமே பூட்டுவதா?

டெக்சாஸில் 12 வருடமாக ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சித் திடலுக்கு, போய்வருகிறேன். வீட்டில் மூன்று ஏஆர்-15 ரைஃபிள்கள் இருக்கின்றன. ஒன்று கடையில் முழுதாக வாங்கியது, மற்ற இரண்டும் பாகங்கள் வாங்கி நானே பூட்டியவை. அமெரிக்காவில் இருக்கும் நம் நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, கிரீன் கார்டு வந்துவிட்டது. முதல் ரைஃபிள் எடுக்கப் போகிறேன். நானே பூட்டினால் பணம் மிச்சமாகுமா?

பெரும்பாலும் ஆகாது தம்பி. சாதாரண ஏஆர் 500, 600 டாலரிலேயே கிடைக்கிறது. அதே தரத்தில் பேரல், போல்ட், ட்ரிக்கர், ஸ்டாக் என்று தனித்தனியாக வாங்கிக் கூட்டிப் பாருங்கள், அந்தத் தொகையைத் தாண்டிவிடும். டார்க் ரெஞ்ச், வைஸ் பிளாக், பஞ்ச் செட் போன்ற பூட்டும் கருவிகளின் செலவு அதற்கு மேல்.

தனக்கு இன்ன பேரல், இன்ன ட்ரிக்கர்தான் வேண்டும் என்று தெரிந்தவர்தான் பூட்டுகிறார். உங்களுக்கு அது இன்னும் தெரியாது. ஒரு ரைஃபிளை வாங்கி, வகுப்புக்குப் போய், சில நூறு ரவுண்டு சுடுங்கள். ட்ரிக்கர் கனமாக இருக்கிறதா, முன்பக்கம் கையை இழுக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். இரண்டாவது ரைஃபிளைப் பூட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: வீட்டு மேஜையில் துப்பாக்கி பூட்டுவது சட்டப்படி சரியா சார்?

கூட்டாட்சிச் சட்டப்படி சரிதான். 'லோயர்' என்ற அடிப்பாகம்தான் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி. வரிசை எண் அதில்தான் இருக்கும். உரிமம் பெற்ற கடையில் 4473 என்ற கூட்டாட்சி அரசின் துப்பாக்கி வாங்கும் படிவம் எழுதி, பின்னணிச் சோதனை முடிந்துதான் அதைக் கையில் வாங்க முடியும். முழு ரைஃபிள் வாங்க 18 வயது போதும், லோயரை மட்டும் கடையில் வாங்க 21 ஆகியிருக்க வேண்டும். மற்ற பாகங்கள் பல மாநிலங்களில் தபாலிலேயே வந்துவிடும். சொந்த உபயோகத்துக்கு மட்டுமே பூட்டலாம். பூட்டி விற்பது தொழிலென்றால் உரிமம் வேண்டும். பேரல் 16 அங்குலத்துக்குக் குறைவென்றால் பூட்டுவதற்கு முன்பே கூட்டாட்சி அனுமதி வாங்கியாக வேண்டும்.

மாநிலச் சட்டம் தனி. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய், வாஷிங்டன் போன்ற இடங்களில் இருப்பவர்கள் அதைப் படிக்காமல் ஒரு ஸ்க்ரூகூட வாங்க வேண்டாம்.

ஒரு கம்பெனியின் 'அப்பர்' (பேரலும் போல்டும் உள்ள மேல்பாகம்) இன்னொரு கம்பெனியின் லோயரில் உட்காருவதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் 1950-களில் வடிவமைத்தது இது. ஏஆர் என்பது அந்த நிறுவனப் பெயரிலிருந்து வந்த எழுத்துகள். 1959-இல் கோல்ட் (Colt) என்ற நிறுவனம் அதன் உரிமையை வாங்கியது. 1970-களின் பிற்பகுதியில் காப்புரிமை காலாவதியானதும் பலரும் அதே ராணுவ அளவில் செய்யத் தொடங்கினார்கள்.

கேள்வி: நான் எச்-1பி. மனைவிக்கு கிரீன் கார்டு இருக்கிறது. அவர் பெயரில் எனக்காக வாங்கலாமா?

கூடாது. தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். உண்மையில் வாங்குவது நீங்கள்தானா என்று 4473 படிவம் நேராகவே கேட்கிறது. அதில் பொய் சொல்வது குற்றம். இன்னொருவருக்காக வாங்கிக் கொடுப்பதற்கு 2022 சட்டப்படி 15 ஆண்டு வரை சிறை உண்டு.

எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே பொதுவாகத் தடை. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் அதில் அடங்கும். சில விலக்குகள் உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அவற்றில் முக்கியமானது. உங்கள் மனைவி தனக்காக வாங்கினாலும் பெட்டகச் சாவி உங்கள் கைக்கு எட்டக் கூடாது. துப்பாக்கிக் குற்றம் நாடு கடத்தவும் காரணமாகும். இத்தனை வருட உழைப்பைப் பணயம் வைக்காமல் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் பூட்டியதை நம்பிச் சுடலாமா?

கவனமாகப் பூட்டினால் சுடலாம். என் முதல் முயற்சியைச் சொல்கிறேன். லோயரில் ஒரு பின்னைத் தாங்கும் ஸ்பிரிங் மயிரிழை போல மெல்லியது. விரல் வழுக்கியதும் பறந்துவிட்டது. கார்ப்பெட்டில் மண்டியிட்டு டார்ச் அடித்துத் தேடியும் கிடைக்கவில்லை. அது பரவாயில்லை, இன்னொன்று வாங்கிவிட்டேன். ரேஞ்சில் நடந்ததுதான் எனக்குப் பாடம். ஒவ்வொரு முறை சுட்டதும் காலி ஷெல் சோர்வாக வெளியே விழுந்தது, அடுத்த ரவுண்டு மேலே ஏறவில்லை. சுடும்போது பேரலில் வரும் வாயுதான் போல்டைப் பின்னால் தள்ளும். அந்த வாயு வெளிவரும் துளைக்கு நேராக, அதை வாங்கி அனுப்பும் காஸ் பிளாக் உட்காரவில்லை, கொஞ்சம் விலகியிருந்தது. முழுதாகப் பின்னால் போகவேண்டிய போல்ட் பாதியிலேயே திரும்பிவிட்டது.

அது தொல்லை மட்டும்தான். ஹெட்ஸ்பேஸ், அதாவது பூட்டிய போல்டின் முகத்துக்கும் பேரலில் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி, தவறினால் ஆபத்து. போல்டும் பேரலும் வெவ்வேறு இடத்தில் வாங்கியிருந்தால் கேஜ் என்ற அளவுகோல் வைத்துச் சோதிக்காமல் சுடாதீர்கள். அந்தக் கேஜ் இல்லையென்றால் கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம்) கொடுங்கள்.

தோட்டாவும் அப்படித்தான். 5.56, .223, .300 பிளாக்அவுட் எல்லாம் தோட்டா வகைகளின் பெயர்கள். 5.56 என்று பொறித்த பேரலில் .223 சுடலாம், .223 பேரலில் 5.56 சுடக் கூடாது. .300 பிளாக்அவுட் தோட்டா அதே மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டியில்) அழகாக உட்காரும். ஆனால் 5.56 பேரலில் அதைச் சுட்டால் ரைஃபிள் வெடித்துவிடும். இரண்டும் வைத்திருப்பவர்கள் மேகசின்களுக்கு வேறு வேறு நிறம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பூட்டும் ஆசை விடவில்லை. நடுவழி ஏதாவது?

இருக்கிறது. பேரலும் போல்டும் சேர்ந்த முழு அப்பரைத் தயாராக வாங்கிவிட்டு லோயரை மட்டும் நீங்கள் பூட்டுங்கள். ஆபத்தான வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிடும், ரைஃபிள் எப்படி வேலை செய்கிறது என்பதும் உங்களுக்குப் புரியும். என் மூன்றாவது அப்படிப் பூட்டியதுதான்.

கேள்வி: பின்னால் விற்றால்?

வீட்டில் பூட்டியதற்கு விலை குறையும். முழு ரைஃபிளுக்கு வாரண்டியும் கிடையாது, அந்தந்தப் பாகத்துக்குத்தான்.

கேள்வி: 6 வயதுப் பையன் இருக்கிறான். பெட்டகம் அவசியமா?

அவசியம். ரைஃபிளுக்கு முன்பே வாங்குங்கள், பணம் பற்றாது என்றால் ரைஃபிளைத் தள்ளிப்போடுங்கள். 17 வயதுக்குக் கீழுள்ள பிள்ளையின் கைக்கு லோடு செய்த துப்பாக்கி எட்டும்படி விடுவது டெக்சாஸில் குற்றம். என் வீட்டில் ரைஃபிள் பெட்டகத்தில், தோட்டா வேறு அறையில் வேறு பூட்டில். சாவி இருக்கும் இடம் பிள்ளைகளுக்குத் தெரியாது. வீட்டில் யாராவது மனமுடைந்து இருந்தால் அந்த நாட்களில் துப்பாக்கி வீட்டிலேயே வேண்டாம். ஊரில் சில கடைகளும் ரேஞ்சுகளும் அதுவரை பத்திரமாக வைத்திருந்து தரும், போய்க் கேளுங்கள்.