ரன்வே 28, இடப்பக்கக் காற்று: செஸ்னா 172 துள்ளியது ஏன்?

வணக்கம். நீங்கள் சொன்னது: ரன்வே 28 (அதாவது 280 டிகிரி திசை), காற்று 240 டிகிரியிலிருந்து 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்), திடீர் வீச்சில் 25. 172எஸ் என்ற சிறு விமானத்தில் ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் பலகை) 30 டிகிரிக்கு இறக்கி, 62 நாட்டில் தரையிறங்க வந்தபோது விமானம் துள்ளி வலப்பக்கம் நகர்ந்துவிட்டது.

முதலில் கணக்கு. ரன்வேக்கும் காற்றுக்கும் கோண வித்தியாசம் 40 டிகிரி, அதன் சைன் 0.64. இதை 15-ஆல் பெருக்காதீர்கள், 25-ஆல் பெருக்குங்கள். 16 நாட் குறுக்குக் காற்று! விமானக் கையேட்டில், சோதனையில் இறக்கிக் காட்டிய குறுக்குக் காற்றாக இருப்பதே 15. அது கட்டாய வரம்பு இல்லைதான், ஆனாலும் பயிற்சியில் இருப்பவருக்கு அதுவே அதிகம்.

அடுத்தது, அந்த 62 நாட் வேகம். வீச்சுக்கும் வழக்கமான காற்றுக்கும் வித்தியாசம் 10, அதில் பாதி 5. தரையிறங்க வரும் வழக்கமான வேகம் 65-உடன் சேர்த்து 70 வையுங்கள். காற்று சட்டென்று விழும்போது அந்த 5 தான் கைகொடுக்கும். ஃபிளாப் 20 போதும். 30 போட்டால் ஒவ்வொரு வீச்சுக்கும் மிதக்கும்.

இடது இறக்கையைத் தாழ்த்தி, வலது ரடரால் (வாலில் உள்ள திசைப் பலகை, காலால் இயக்குவது) மூக்கை நடுக்கோட்டுக்கு நேராக வையுங்கள். இடது சக்கரம் முதலில் தொடும், தொடட்டும். தொட்டவுடன் பலர் யோக்கை (கைப்பிடிச் சக்கரம்) நடுவுக்கு விட்டுவிடுகிறார்கள். காற்று இறக்கையைத் தூக்குவது அப்போதுதான். வேகம் குறையக் குறைய யோக்கை முழுக்க இடப்பக்கம் திருப்பிக்கொண்டே போங்கள்.

துள்ளினால் மூக்கைக் கீழே அழுத்தவே கூடாது. மூக்குச் சக்கரமும் அதைத் தாங்கும் ஃபயர்வாலும் (எஞ்சினுக்குப் பின்னுள்ள தடுப்புச் சுவர்) அடிவாங்கும். தரையிறங்குவதைக் கைவிட்டு, முழு த்ராட்டில் (எஞ்சின் விசை) கொடுத்து 60 நாட்டில் ஏறுங்கள். ஃபிளாப் 30-இல் இருந்தால் உடனே 20-க்குக் கொண்டுவாருங்கள். ஒரேயடியாக முழுக்க எடுத்தால் விமானம் அமிழும்.