லாஸ்ட் தொடரின் நான்காவது எபிசோடின் முடிவு முன்பே தெரிந்துவிட்டது. இனி அதைப் பார்ப்பதில் சுவாரசியம் இருக்குமா?

தாராளமாகப் பாருங்கள். முடிவு தெரிந்து பார்ப்பவருக்குத்தான் இந்த எபிசோட் இன்னும் அதிகமாகக் கொடுக்கும் என்பது என் எண்ணம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தத் தொடரைப் பார்க்காதவர்கள், முடிவு தெரியாதவர்கள் யாராவது படித்துக்கொண்டிருந்தால் தயவுசெய்து இங்கேயே நிறுத்திவிடுங்கள். அடுத்த பத்தியிலேயே விஷயத்தை உடைத்துவிடுவேன்.

நீங்கள் கேட்டிருப்பது 'வாக்கபௌட்' என்ற எபிசோட். 2004 அக்டோபர் 13 அன்று அமெரிக்காவின் ஏபிசி சேனலில் ஒளிபரப்பானது. எழுதியவர் டேவிட் ஃபியூரி, இயக்கியவர் ஜாக் பெண்டர். சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் கிளம்பிய ஓஷியானிக் 815 விமானம் நடுவழியில் உடைந்து ஒரு தீவில் விழுகிறது. உயிர் தப்பியவர்களில் ஒருவர் ஜான் லாக். வழுக்கைத் தலை, கண்மேல் ஒரு வெட்டுக்காயம், யாரோடும் அதிகம் ஒட்டாத மனிதர். டெரி ஓ'க்வின் நடித்த பாத்திரம். அவருடைய பழைய வாழ்க்கையை ஃபிளாஷ்பேக்கில் காட்டிக்கொண்டே வந்து, கடைசியில்தான் அந்த உண்மையைச் சொல்கிறார்கள்: விபத்துக்கு முன்பு நான்கு வருடங்களாக அவர் சக்கர நாற்காலியில் இருந்தவர். தீவில் விழுந்த அன்று கால்களுக்கு உயிர் வந்துவிட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது எபிசோடின் முதல் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். விபத்து நடந்த நேரம். ஒரு கண் திறக்கிறது. சுற்றிலும் அலறல், புகை. லாக் மல்லாந்து கிடக்கிறார். ஒரு காலில் ஷூ இல்லை. தன் பாதத்தைப் பார்க்கிறார், விரல்கள் அசைகின்றன. முதல் தடவை பார்ப்பவர், எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக் கடந்துவிடுவார். உங்களால் அப்படிக் கடக்க முடியாது. அந்த மனிதரின் வாழ்க்கையிலேயே பெரிய சம்பவம் அந்த இரண்டு நொடிகளில் நடந்து முடிகிறது. பக்கத்தில் அத்தனை பேர் செத்துக்கொண்டிருக்கிறார்கள், இவருக்கு மட்டும் அது வரம். இந்த முரண்பாட்டின் கனத்தை முதல் நிமிடத்திலிருந்தே சுமந்துகொண்டு பார்க்கப்போவது முடிவு தெரிந்த நீங்கள்தான்.

அப்புறம் அலுவலகக் காட்சி. லாக் ஒரு பெட்டி தயாரிக்கும் கம்பெனியில் சாதாரண வேலை பார்க்கிறார். மேனேஜர் ராண்டி வயதில் சிறியவன். இடைவேளையில் இன்னொரு ஊழியரோடு பலகையில் போர் விளையாட்டு ஆடிக்கொண்டிருக்கும் லாக்கிடம் வந்து, ஆஸ்திரேலியாவில் அவர் போக நினைக்கும் காட்டுப் பயணத்தைக் கிண்டல் செய்கிறான். அதற்கு லாக் என்ன பதில் சொல்கிறார் தெரியுமா? இரண்டு கால்களையும் இழந்த மலையேறி நார்மன் கிரௌச்சரைப் பற்றிச் சொல்கிறார். விடையை வெட்டவெளியில் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்! முதல் தடவை பார்ப்பவருக்கு அது ஏதோ தன்னம்பிக்கைப் பேச்சு மாதிரிதான் கேட்கும்.

பழைய வாழ்க்கைக் காட்சிகள் எல்லாவற்றிலும் லாக் உட்கார்ந்தேதான் இருப்பார். அலுவலகத்தில் மேசை முன்னால், வீட்டில் கட்டில்மேல். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரை யார் சந்தேகப்படுவார்கள்? என் சித்தப்பா சந்தேகப்பட்டார். அவர் ரொம்ப வருஷமாக சக்கர நாற்காலியில் இருப்பவர். எங்கள் வீட்டில் இந்த எபிசோடை ஓடவிட்டபோது, ராண்டி மேசைமேல் சாய்ந்து பேசும் இடத்திலேயே, "இந்த ஆள் எழுந்து நிக்கவே மாட்டேங்கிறார் பாரு. நின்னுகிட்டிருக்கிறவன் குனிஞ்சு பேசுற தோரணை எனக்கு நல்லாத் தெரியும்" என்றார். முடிவு வரும்போது எங்களுக்குத்தான் அதிர்ச்சி. அவர் அதற்குள் வேறு ஒரு கதையைப் பார்த்து முடித்திருந்தார். லாக் ஒவ்வொருவரிடமும் எப்படிப் பேசுகிறார், எங்கே குரலை உயர்த்துகிறார், எங்கே விட்டுக்கொடுக்கிறார் என்பதையெல்லாம் அவர் பார்த்திருந்தார். எங்களுக்கு அதற்கு இரண்டாவது தடவை தேவைப்பட்டது.

ஹெலன் என்ற பெண்ணோடு லாக் போனில் பேசும் காட்சியும் அப்படித்தான். காசு வாங்கிக்கொண்டு போனில் பேசும் சேவையில் இருப்பவள் அவள். அவர் அவளுக்கும் சேர்த்து ஆஸ்திரேலியாவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, வா என்று கூப்பிடுகிறார். வாடிக்கையாளரைச் சந்திக்க அனுமதி கிடையாது என்று சொல்லிவிடுகிறாள். தனிமையில் வாடும் ஒருவரின் அசட்டு ஆசையாக முதலில் தெரிந்தது, விஷயம் தெரிந்தபின் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. நேரில் பார்க்காத ஒருத்தியிடம் மட்டும்தான் அவர் வெறும் ஜான் லாக்காகப் பேச முடிகிறது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது மெல்போர்ன் காட்சி. அந்தக் காட்டுப் பயணத்தை நடத்தும் நிறுவனத்துக்காரர், நீங்கள் உங்களைப் பற்றித் தவறான தகவல் கொடுத்துவிட்டீர்கள் என்கிறார். நான் பொய் சொல்லவே இல்லை என்கிறார் லாக். சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டீர்களே, அதுவும் பொய்தான் என்று பதில் வருகிறது. இந்த இடத்தை நான் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஏனென்றால் எபிசோட் நம்மிடம் செய்ததும் அதேதான். ஒரு காட்சியில்கூட அது நம்மை ஏமாற்றவில்லை, போலித் தடயம் வைக்கவில்லை. ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டது, அவ்வளவுதான். கதை சொல்லும் முறையும் கதாபாத்திரத்தின் குணமும் இவ்வளவு கச்சிதமாக ஒன்றிப்போன எபிசோட்கள் அபூர்வம். அதனால்தான் ரகசியம் வெளிப்பட்ட பிறகும் இது காலியாகிவிடுவதில்லை.

தீவில் நடப்பது எளிமையான கதை. சாப்பாடு தீர்ந்துவிடுகிறது, லாக் தன் பெட்டியைத் திறக்கிறார், உள்ளே வரிசையாகக் கத்திகள். காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறார்கள். ஒரு பன்றி முட்டித் தள்ளி அவர் கீழே விழுந்து சில நொடிகள் எழுந்திருக்காமல் கிடப்பார். அந்த நொடிகளில் அவர் மனதில் என்ன பயம் ஓடியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும், கூடப் போன கேட்டுக்கும் மைக்கேலுக்கும் தெரியாது. பிறகு காட்டுக்குள் இருக்கும், என்னவென்றே யாருக்கும் தெரியாத அந்த 'ஏதோ ஒன்றை' நேருக்கு நேர் பார்க்கிறார். திரும்பி வந்ததும் மைக்கேல் கேட்டால், பார்க்கவில்லை என்கிறார். சொல்லாமல் விடுபவர், இங்கே நேரடியாகவே பொய் சொல்கிறார். இந்த மாற்றத்தைக் கவனியுங்கள். பின்னால் வரும் சீசன்களில் லாக் என்னவாக ஆகிறார் என்பதற்கு விதை இங்கேதான்.

விமானத்துக்குள் கிடக்கும் உடல்களை எரிக்க முடிவெடுத்து, உயிர் தப்பியவர்களில் ஒருத்தியான க்ளேர் இறந்தவர்களைப் பற்றி வாசிக்கும் பகுதியையும் அவசரமாகத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். அவளுக்கு அவர்கள் யாரையும் தெரியாது. கைக்குக் கிடைத்த அடையாள அட்டை, பாஸ்போர்ட்டிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒன்றிரண்டு வரி. ஒரு பெண் கண்ணாடி போடுபவர், உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்திருந்தவர், வேறொரு விமானம் மாறிப் போகவேண்டியவர். அவ்வளவுதான் தெரிகிறது. எரியும் அந்த விமானத்துக்கு முன்னால்தான் லாக் தன் சக்கர நாற்காலியைப் பார்க்கிறார்.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். நடக்க முடியாதவருக்கு அற்புதத்தால் கால் கிடைத்ததும் அவர் வீரராகிவிடுகிறார் என்ற கதையமைப்பு எனக்கு உவப்பானது இல்லை. சித்தப்பாவுக்கும் அதே வருத்தம்தான். ஆனால், காப்பீடு, பாதுகாப்பு என்று காரணம் சொல்லி லாக்கை விட்டுவிட்டு காட்டுப் பயணப் பேருந்து கிளம்பும் காட்சியில் பிரச்சினை அவருடைய கால்களில் இல்லை, அவரை ஏற்றிக்கொள்ள மறுக்கும் உலகத்தில்தான் இருக்கிறது என்பது தெளிவாகவே வருகிறது. "என்னால் எது முடியாதென்று என்னிடம் சொல்லாதே" என்று டெரி ஓ'க்வின் கத்தும்போது கோபத்தைவிட அவமானம்தான் அதிகம் கேட்கிறது. 2007-ல் அவர் இந்தத் தொடருக்காக எம்மி விருது வாங்கினார். அதற்கான தகுதியை இந்த நான்காவது எபிசோடிலேயே காட்டிவிட்டார் என்று நான் நினைக்கிறேன்.

நேராக இதற்குத் தாவாமல் முதல் மூன்றையும் பார்த்துவிட்டு வாருங்கள். முதல் எபிசோடில் மழை கொட்டும்போது எல்லாரும் ஒதுங்க ஓட, லாக் மட்டும் கைகளை விரித்து நனைந்துகொண்டிருப்பார். காரணம் தெரிந்தே அதைப் பார்க்கும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது.

ஆனால் தொடர் முழுவதற்கும் இந்தச் சமாதானம் செல்லாது. மூன்றாவது சீசனின் கடைசி எபிசோடை மட்டும் எதுவும் தெரியாமல் பார்ப்பதுதான் நல்லது. அதுவரை விக்கிப்பீடியா பக்கமோ யூடியூப் பக்கமோ போகாதீர்கள்.