பிஸ்டலில் ரவை வெடிக்காமல் போவது

பத்து ரவைகளில் இரண்டு வெடிக்கவில்லை, பிஸ்டல் பழுதா என்று கேட்டிருந்தீர்கள். அதற்காக உங்கள் ஸ்ட்ரைக்கர் வகைப் பிஸ்டலைப் பழுதென்று ஒதுக்க வேண்டாம்; ஸ்ட்ரைக்கர் (ரவையின் அடியைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி) ஓடும் துளையில் எண்ணெய் தேங்கியிருப்பதே காரணமாக இருக்கலாம். கடலோரக் கல்லடி ஊரின் உப்புக்காற்றுக்குப் பயந்து நாம் எல்லா இடத்திலும் எண்ணெய் விட, அது கரியோடும் தூசியோடும் சேர்ந்து பிசினாகி, ஸ்ட்ரைக்கரின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. அந்தத் துளை உலர்ந்தே இருக்க வேண்டும்.

வெடிக்காத ரவையின் பிரைமரை, அதாவது அடியில் ஸ்ட்ரைக்கர் குத்தும் சிறு மூடியை, பாருங்கள். அதில் குத்து விழுந்த பள்ளம் ஆழமற்றிருந்தால் குறை பெரும்பாலும் துவக்கில். நன்றாகப் பதிந்திருந்தால் ரவையில் (ஈரம் பட்ட பழைய ரவையென்றால் வியப்பில்லை). இனி வெடிக்காவிட்டால், குழல் வாயைப் பாதுகாப்பான திசையில் 30 வினாடியேனும் பிடித்திருந்த பின்பே ரவையை வெளியே எடுங்கள்.

மகஸினைக் (ரவைக் கூட்டை) கழற்றி, குழலில் ரவை அமரும் அறை வெறுமையா என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யாமல் துப்புரவைத் தொடங்க வேண்டாம். சுத்தம் செய்தும் பள்ளம் ஆழமாகாவிட்டால் ஸ்ட்ரைக்கரைத் தள்ளும் சுருள்வில் தளர்ந்திருக்கக்கூடும்; அதை நீங்களே மாற்றாமல், பயிற்சி பெற்ற ஆயுதத் திருத்துநரிடம் அனுமதிப்பத்திரத்தோடு கொண்டு செல்லுங்கள்.