குழாய்த் தண்ணீரில் துடித்த இதயம்

அன்புள்ள ஐயா,

என் மகள் மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். உடலியங்கியல் பாடத்துக்காகத் தவளைத் தசை, தவளை இதயம் என்று கோடுகோடாக வரைபடங்களை உருப்போடுகிறாள். இப்போது தவளையை அறுப்பதில்லை, கணினியில்தான் காட்டுகிறார்கள் என்றாள். நிம்மதி. ஆனால் இத்தனை காலம் நாயையும் தவளையையும் முயலையும் அறுத்ததில் நோயாளிக்கு என்னதான் கிடைத்தது? நோயாளியின் கட்டிலருகே நின்று கற்றதுதானே மருத்துவம்? மற்றதெல்லாம் ஆய்வாளர்களின் ஆர்வக்கோளாறு என்றே எனக்குப் படுகிறது.

ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

ஆர்வக்கோளாறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கோளாறு பிடித்த ஒருவரைப் பற்றிச் சொன்னாலே உங்களுக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

சிட்னி ரிங்கர் லண்டனில் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையின் மருத்துவர். நீங்கள் சொல்லும் கட்டிலருகே நிற்கும் ஆள்தான். மருந்துகளைப் பற்றி அவர் எழுதிய கையேடு பல பதிப்புகள் கண்டது. நோயாளிகளைப் பார்த்து முடித்த கையோடு ஆய்வுக்கூடத்துக்கு ஓடுவார். அங்கே உடலிலிருந்து எடுத்த தவளை இதயம் ஒன்று சின்னக் குழாயில் பொருத்தப்பட்டிருக்கும். அதற்குள் உப்புநீர் ஓடும். ஒவ்வொரு துடிப்பையும் ஓர் ஊசி, சுழலும் உருளையில் கோடாகக் கீறும். அந்த உருளைக் கருவியை 1847-இல் ஜெர்மனியில் கார்ல் லுட்விக் செய்தார். உங்கள் மகள் உருப்போடும் கோடுகளின் பூர்வீகம் அதுதான்.

ரத்தத்தில் உள்ள எந்தப் பொருள் இதயத்தைத் துடிக்க வைக்கிறது என்பது ரிங்கரின் கேள்வி. 1882-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்குப் பிறகுதான் ஒரு விஷயம் தெரியவந்தது: உப்பைக் கரைத்தது வாலைவடி நீரில், அதாவது காய்ச்சி வடித்த தூய நீரில் அல்ல, நியூ ரிவர் கம்பெனியின் குழாய்த் தண்ணீரில். குழாயைத் திறந்தது யார், சோம்பேறி உதவியாளரா என்றெல்லாம் கதைகள் உலவுகின்றன. அவருடைய அடுத்த கட்டுரையில் இருப்பது தண்ணீர் கம்பெனியின் பெயர் மட்டும்தான். உடனே வாலைவடி நீரில் செய்து பார்த்தார். இதயம் துவண்டு நின்றது. குழாய்த் தண்ணீரில் இருந்து இதில் இல்லாதது எது? துளித்துளியாகச் சேர்த்துப் பார்த்ததில் கால்சியம் சிக்கியது. அது இல்லாமல் இதயத் தசை சுருங்காது. பொட்டாசியம் இல்லாவிட்டால் சுருங்கிய தசை சரியாகத் தளராது. பொட்டாசியம் அளவு மீறினாலோ இதயமே நின்றுவிடும். முந்தைய கட்டுரை தவறு என்று 1883-இல் அவரே அதே பத்திரிகையில் எழுதினார். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான். குழாய்த் தண்ணீர் எல்லோர் வீட்டிலும் வருகிறது. அச்சில் ஏறிய தன் கட்டுரையைத் தானே கவிழ்ப்பவர் எத்தனை பேர்?

இனி உங்கள் கட்சிக்குச் சாதகமான சாட்சியையும் நானே கூப்பிடுகிறேன். ரிங்கருக்கு அரை நூற்றாண்டுக்கு முன், 1832-இல், ஸ்காட்லாந்தின் லீத் ஊரில் தாமஸ் லாட்டா என்ற மருத்துவர் காலராவில் கிடந்த ஒரு மூதாட்டியின் ரத்தக் குழாயில் உப்புநீரை ஏற்றினார். ஒட்டிப்போன கண்கள் மீண்டன, பேச்சு வந்தது. தேறிவிட்டார் என்று நம்பி வேறு வேலைக்குப் போனார் லாட்டா. பேதி திரும்பவும் தொடங்கியது. சில மணி நேரத்தில் அந்த அம்மா இறந்தார். பிறகு சிலர் பிழைத்தார்கள், பலர் பிழைக்கவில்லை. எவ்வளவு உப்பு, எவ்வளவு நீர், எப்போது நிறுத்துவது, எதற்கும் கணக்கு இல்லை. சிகிச்சையும் கிடப்பில் போனது. கட்டிலருகே பிறந்த அருமையான யோசனைதான். அதைத் தாங்கிப் பிடிக்க உடலியங்கியல் அப்போது வளர்ந்திருக்கவில்லை.

ரிங்கரோ காலராவையோ பேதியையோ நினைத்துத் தவளையைத் தொடவில்லை. 1932-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன், பேதியில் ரத்தம் அமிலமாகிப் போன குழந்தைகளுக்காக உப்பு, கால்சியம், பொட்டாசியம் கலந்த ரிங்கரின் கரைசலில், அமிலத்தைத் தணிக்க உதவும் லாக்டேட்டைச் சேர்த்தார். அதுதான் நம்மூர் வார்டில் "ஆர்.எல். ஒண்ணு போடுங்க சிஸ்டர்" என்று கேட்கிறதே, அந்த ரிங்கர் லாக்டேட். குளுக்கோஸ் ஏற்றினார்கள் என்று வீட்டுக்கு வந்து நாம் சொல்லும்போது பல தடவை ஏறியிருப்பது இதுதான்.

விலங்கு வதை என்ற கேள்வியும் இதில் இருக்கிறது. அதை மழுப்ப மாட்டேன். பிரான்ஸில் உடலியங்கியல் ஆய்வாளர் க்ளோத் பெர்னார், தென்னமெரிக்க அம்பு விஷமான க்யூராரேயை ஆராய்ந்தார். நரம்பிலிருந்து தசைக்குக் கட்டளை போகும் இடத்தை அது அடைத்துவிடுகிறது என்று காட்டினார். அசைய முடியாது, ஆனால் வலி தெரியும். இதையும் அவரே எழுதியிருக்கிறார். அவருடைய மனைவி பிரிந்து போய், மகள்களோடு விலங்கு வதை எதிர்ப்பாளர்கள் பக்கம் நின்றார். இங்கிலாந்தில் 1876-இல் சட்டமே வந்தது. பெர்னாரின் மனைவி பக்கம் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். அதே க்யூராரேயை 1942-இல் மான்ட்ரியலில் ஹெரால்ட் கிரிஃபித் மயக்க மருந்தோடு சேர்த்துக் கொடுத்தார். வயிற்று அறுவையில் தசை தளர வேண்டுமென்று ஈதர் என்ற மயக்க மருந்தை அளவுக்கு மீறிக் கொடுக்கும் நிலை அதன் பிறகு மாறியது. ஒன்று மற்றொன்றைக் கழித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே கணக்கேட்டில் இருக்கின்றன.

உங்கள் மகளிடம் ஒன்று சொல்லுங்கள். அடுத்த முறை வார்டுக்குப் போகும்போது ஆர்.எல். பாட்டிலின் லேபிளைப் படிக்கட்டும். கால்சியம் குளோரைடு 100 மில்லிக்கு 0.027 கிராம், அதாவது லிட்டருக்குக் கால் கிராம் சொச்சம். ரத்தம் ஏற்றும் அதே குழாயில் ஆர்.எல். போகக்கூடாது என்று செவிலியர் குழாயை மாற்றுவதையும் பார்க்கட்டும். ரத்தப் பையில் உறையாமலிருக்கச் சிட்ரேட் சேர்த்திருப்பார்கள்; அது கால்சியத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. வெளியிலிருந்து கால்சியம் வந்தால் ரத்தம் குழாயிலேயே உறையக்கூடும். லண்டன் குழாய்த் தண்ணீரில் ரிங்கர் தேடிப் பிடித்த அதே கால்சியம்.