கேள்வி: பெங்களூரு ஆஸ்பத்திரியில அம்மாவோட கர்ப்பப்பைய எடுக்குற ஆபரேஷனுக்கு மகன் நான் கையெழுத்து போட்டா போதுமா?

போதாதுங்க. அம்மா நினைவோட தெளிவா இருக்காங்கன்னா கையெழுத்து அவங்க போடணும். 2008-ல சுப்ரீம் கோர்ட் இதே மாதிரி கர்ப்பப்பை கேஸ்ல, மயக்கத்துல இருந்தவங்களுக்கு பதிலா அவங்க அம்மா சம்மதிச்சது செல்லாதுன்னு சொல்லிடுச்சு.

பெங்களூருல பெரும்பாலும் மொழிதான் சிக்கல், டாக்டர் கன்னடமும் இங்கிலீஷும் கலந்து உங்களப் பாத்தே பேசிருப்பாரு, அம்மா ஸ்கேன் கவர மடியில வச்சிட்டு தலைய ஆட்டிருப்பாங்க, எங்க அத்தையும் அப்படித்தான்.

இன்னிக்கு ராத்திரி "உனக்கு என்னம்மா பண்ணப் போறாங்க"ன்னு கேட்டுப் பாருங்க. சொல்லத் தெரியலன்னா தமிழ் தெரிஞ்ச நர்ஸ வச்சு திரும்ப விளக்கச் சொல்லுங்க, கர்ப்பப்பைய எடுக்காம மாத்திரையில பாக்க முடியுமான்னு அம்மாவே கேக்கட்டும்.

ஆனா ரத்தப்போக்கு அதிகமாகி உயிருக்கே ஆபத்துன்னா இதுக்கெல்லாம் காத்திருக்காதீங்க.